உங்கள் சுவரில் தொங்கும் பாயை நெய்தவருக்குப் பெயர் உண்டு

கண்காட்சிக் குழுவினருக்கும், அதற்கு நிதி கொடுத்த கைவினைத் துறை அலுவலர்களுக்கும்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் உங்கள் கண்காட்சியைப் பார்த்தேன். இரண்டாவது அறையில், கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆறடி நீளப் பாய் ஒன்று தொங்குகிறது. வெளிறிய கோரையில் கறுப்பும் சிவப்புமாகத் தமிழ் எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்தில் ஒரு அட்டை. வடிவமைப்பாளர் பெயர், அவர் படித்த கல்லூரி, ஆண்டு, அப்புறம் 'கோரை, பருத்தி நூல், சாயம்'. கடைசி வரியில் சின்ன எழுத்தில்: 'பத்தமடையின் பெயரறியாப் பெண்களின் கைகளுக்கு நன்றி.'

கோரைக்குக்கூடப் பெயர் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பாயை நெய்தது என் உம்மா. அன்றைக்கே வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் சொன்னேன். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பத்து நாள் கழித்து உங்கள் பதில் வந்தது: மரபுக் கலை ஒரு சமூகத்தின் கூட்டுச் சொத்து, அதில் தனி ஒருவர் பெயரை முன்னிறுத்தினால் மற்றவர்களுக்கு அநீதி ஆகிவிடும், ஆகவே அட்டை இப்படியே இருக்கும், கண்காட்சி அடுத்த ஊருக்கும் இப்படியே போகும். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பத்தமடையில் எத்தனையோ வீட்டில் தறி இருக்கிறது, இது உன் உம்மா நெய்ததுதான் என்று எப்படிச் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பாயின் இடது ஓரத்தில், கீழிருந்து மூன்றாவது வரிசையில் உள்ள 'லை'யைப் பாருங்கள். இப்போது நாம் எழுதுகிற 'லை' அல்ல அது. ல-வின் தலைக்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்து ஏறுகிற பழைய 'லை'. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அந்தத் தும்பிக்கையை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து அது போய்விட்டது. உம்மாவின் விரலிலிருந்து போகவில்லை, ஏனென்றால் உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை.

உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாற்பத்தைந்து வருடமாகத் தமிழ் நெய்கிறார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்குப் பெண் வீட்டுச் சீரோடு பத்தமடைப் பாய் போகும். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு, எங்கள் வீடு என்ற வித்தியாசம் அதில் கிடையாது. 'பாய் வீட்டுப் பாய்' என்று ஊரில் ஒரு பழைய கேலி உண்டு. அந்தப் பாயில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாணத் தேதி, சில சமயம் ஊர்ப் பெயரும் வரும். எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயர் என்றால் பாதிக்குப் பாதி 'நெல்லை'. பெயர்களைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று யாராவது எழுதிக் கொடுப்பார்கள். வாப்பா எழுதுவார், அவருக்குப் பிறகு நான். அந்தத் தாளைத் தறிக்குப் பக்கத்தில் கல்லை வைத்துப் பறக்காமல் போட்டுக்கொண்டு, உம்மா எழுத்தை எழுத்தாக இல்லாமல் படமாகப் பார்ப்பார். எந்த இடத்தில் எத்தனை பாவு நூலைத் தூக்க வேண்டும், எத்தனையை விட வேண்டும் என்று விரல் நுனியால் எண்ணி, சாயக் கோரையை நுழைத்து, அச்சை இழுத்து அடிப்பார். 'நெல்லை' வந்தால் மட்டும் தாளைப் பார்க்க மாட்டார். அது உம்மும்மாவிடம் பழகிய எழுத்து. நான் புது 'லை' எழுதிக் கொடுத்தாலும் தறியில் பழைய 'லை'தான் விழும். அதற்காகச் சண்டை போட்ட மாப்பிள்ளை வீட்டார் உண்டு. அதற்காகவே தேடி வந்தவர்களும் உண்டு.

இனி உங்கள் கையேட்டின் பதினோராம் பக்கத்துக்கு வருகிறேன். 'லை என்ற எழுத்தின் நேர்க்கோட்டை வடிவமைப்பாளர் உடைத்து, வளைவாக மறுஉருவாக்கம் செய்திருக்கிறார்' என்று அதில் எழுதியிருக்கிறது. எதையும் யாரும் உடைக்கவில்லை. அது ஒரு பெண் தன் தாயிடமிருந்து கற்ற எழுத்து. இதை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். நெய்தவர் பெயரைப் போட்டிருந்தால் நெய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள். கேட்டிருந்தால் இந்த வரி வந்திருக்காது.

வடிவமைப்பாளரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் பத்து நாள் பயிற்சி முகாமுக்கு வந்த பிள்ளைகளில் ஒருவர் அவர். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உம்மா கையால் சாப்பிட்டவர். நல்ல பிள்ளை. கல்யாணப் பாயின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, படிக்க முடியாதபடி சிதறவிட்டு, தரையில் கிடக்கும் பாயைச் சுவரில் நிமிர்த்திப் பார்க்கலாம் என்று நினைத்தது அவர்தான். அந்த யோசனை உம்மாவுக்கு வந்திருக்காது, எனக்கும் வந்திருக்காது. அவர் பெயரை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதே அளவு எழுத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

'பெயரறியா' என்ற சொல்தான் என்னை மிகவும் உறுத்துகிறது. அந்த முகாமின்போது உம்மாவிடம் ஆதார் நகல் மூன்று முறை வாங்கினீர்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் வாங்கினீர்கள். மத்திய அரசு கொடுத்த கைவினைஞர் அடையாள அட்டையின் நகலை இரண்டு பக்கமும் கேட்டீர்கள். தினமும் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னீர்கள். பெயர் தெரியாமலா பத்து நாள் ஊக்கத்தொகையை உம்மாவின் கணக்குக்கு அனுப்பினீர்கள்? கணக்குத் தணிக்கைக்குப் பெயர் வேண்டும், சுவருக்கு மட்டும் வேண்டாம் என்றால் அதற்குப் பெயரறியாமை என்று பெயர் இல்லை.

கூட்டுச் சொத்து என்ற வாதத்துக்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. கோரையை வெட்டி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அது ஊதிப் பருத்த பிறகு மறுபடி காயவைத்து, நகத்தாலும் கத்தியாலும் நூல்போலக் கிழிக்கிற இந்த வேலையை உம்மா கண்டுபிடிக்கவில்லை. தாமிரபரணித் தண்ணீரில் ஊறினால் கோரையை இவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கலாம் என்று முதலில் கண்டவர் அசன் பாவா லெப்பை என்று ஊரில் சொல்வார்கள். நூறு வருடத்துக்கு மேலாகிறது, அவர் பெயர் இன்னும் வாயில் இருக்கிறது. அவருக்குப் பிறகு உட்கார்ந்து நெய்த பெண்களின் பெயர்தான் எங்கும் இல்லை. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனதைச் சொல்லாத கட்டுரை கிடையாது. அந்தப் பாயை நெய்தவர் பெயரைச் சேர்த்துச் சொன்ன கட்டுரையை நான் இதுவரை படித்ததில்லை. ராணி பெயர் இருக்கிறது, ஊர் பெயர் இருக்கிறது, நதி பெயர்கூட இருக்கிறது.

சரி, கலை ஊருடையது. ஆனால் ஒரு பாய் ஊருடையது அல்ல. பாவு நூல் 100ஆ, 120ஆ, 140ஆ என்பதில் தொடங்கி, எந்த இடத்தில் கையை இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பது வரை ஒவ்வொன்றும் ஒரு ஆளின் முடிவு. பட்டுப்பாய் என்று நாங்கள் சொல்கிற மெல்லிய பாய்க்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். கர்நாடக சங்கீதமும் கூட்டுச் சொத்துதான். கச்சேரி நோட்டீஸில் பாடுகிறவர் பெயர் போடாமல் 'பெயரறியாத் தொண்டைக்கு நன்றி' என்று போடுவீர்களா? அப்புறம் ஒன்று. கூட்டுச் சொத்து என்று நீங்கள் மெய்யாகவே நம்பினால் விற்பனைப் பட்டியலில் அந்தப் பாய்க்குப் போட்டிருக்கிற விலையும் கூட்டாக ஊருக்கு வர வேண்டும். உம்மா வாங்கிய கூலி அந்த விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் கோலாப்புரி மாதிரியே ஒரு செருப்பைக் காட்டியது. முதலில் வெறும் தோல் செருப்பு என்றுதான் சொன்னார்கள், மகாராஷ்டிரம் பெயரோ கர்நாடகம் பெயரோ கிடையாது. நாடே கொதித்தது. இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்ததுதான் என்று அவர்கள் பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போது நீங்களும் உங்கள் பக்கத்தில் கோபமாக ஒரு பதிவு போட்டீர்கள். அதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரர் நம் ஊர் பெயரை விட்டால் கொள்ளை. நாமே நம் ஊர்ப் பெண்ணின் பெயரை விட்டால் மரபா?

அதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைச் சட்டை, பழைய துணி எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டுத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கின. அதுவும் தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஊர்க் கலைதான். ஆனால் தைத்தவர்கள் பெயரோடுதான் அவை தொங்கின. 2006இல் அந்தப் போர்வைகளின் படத்தோடு தபால்தலை வந்தது. பெயர் வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. காசு ஒழுங்காக வரவில்லை என்று அவர்களில் சிலர் 2007இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. ஆனால் வழக்குப் போட அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது.

எங்களுக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று துறை அலுவலர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். இருக்கிறது, வாங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஊரையும் பொருளையும் காக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர் என்று தனியாகப் பதிந்துகொண்டவர்தான் அதைப் பயன்படுத்த முடியும். எங்கள் தெருவில் அப்படிப் பதிந்துகொண்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியாது. அந்த மனுவை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு முகாமும் வந்ததில்லை. பாயைப் பையாக்குவது எப்படி, கோப்பு அட்டையாக்குவது எப்படி, மடிக்கணினி உறையாக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத்தான் வருடா வருடம் வருகிறீர்கள்.

வருகிற பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெய்யாகவே வடிவமைப்பு தேவைப்படுகிற இடம் எது தெரியுமா? உம்மாவின் இடுப்பு. தரையோடு தரையாகக் கிடக்கும் பாவுக்கு மேலே பலகை போட்டு, அதில் குத்துக்காலிட்டுக் குனிந்து எட்டு மணி நேரம். எங்கள் பெரியும்மாவால் இப்போது நேராக நிற்க முடியாது. கண்ணும் அப்படித்தான். கறுப்புச் சாயக் கோரையை நாற்பது வாட் வெளிச்சத்தில் எண்ணி எண்ணிக் கண் களைத்துவிடுகிறது. ஒரு பலகை, ஒரு முதுகுச் சாய்வு, சரியான இடத்தில் ஒரு விளக்கு. இதை எந்தக் கல்லூரிப் பிள்ளையும் மாதிரியாகச் செய்து கொண்டுவந்ததில்லை. அதைக் கண்காட்சியில் தொங்கவிட முடியாது அல்லவா.

உம்மாவிடம் உங்கள் சுவரின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். விரலால் பெரிதாக்கி ஓரத்தைப் பார்த்தார். "ஏசி ரூம்ல போட்டிருக்காவளா? ஓரம் வளைஞ்சு போச்சே. வெயில்ல ஒரு நாள் காயப் போடச் சொல்லு" என்றார். பெயர் போடவில்லை என்று நான்தான் சொன்னேன். "எம் பேரு என்னத்துக்கு? கூலி குடுத்தாவல்லா" என்றார். அதோடு விட்டிருப்பேன். நாலு நாள் கழித்து, கோரை கிழித்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "பேரு போடுவாவளாமா?"

ஆகவே நான் கேட்பவை இவை.

அடுத்த ஊரில் கண்காட்சி திறக்கும் முன் அந்த அட்டையை மாற்றுங்கள். நெய்தவர் பெயர், ஊர், வடிவமைப்பாளர் பெயர் மூன்றும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். 'பெயரறியா' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உம்மா பாய்க்கு மட்டும் அல்ல, அதே அறையில் இருக்கும் மரச் செப்புகளுக்கும், தோடர் பூத்தையலுக்கும், ஜமக்காளத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவற்றின் அட்டைகளிலும் அதே கடைசி வரிதான் இருக்கிறது. ஒரு வேலையில் நாலு பேர் இருந்தால் நாலு பெயரும் போடுங்கள். இடம் போதாது என்றால் அட்டையைப் பெரிதாக்குங்கள்.

கையேட்டின் பதினோராம் பக்கத்தைத் திருத்தி ஒரு துண்டுத் தாள் அச்சிட்டு உள்ளே வையுங்கள். பழைய 'லை'யைப் பற்றி என்ன எழுத வேண்டும் என்று உம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். தொலைபேசி எண் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது.

அந்தப் பாய் விற்றால் உம்மாவுக்கு என்ன பங்கு என்பதை எழுத்தில், தமிழில் சொல்லுங்கள். முகாமில் மாதிரி என்ற பெயரில் வாங்கிப் போனதைப் பிறகு விற்பனைக்கு வைப்பது இதோடு நிற்க வேண்டும். இனி மாதிரி வாங்கினால், இது மாதிரி மட்டும்தான் என்றோ, விற்றால் இவ்வளவு பங்கு என்றோ முதல் நாளே எழுதிக் கையெழுத்து, அல்லது கைநாட்டு, வாங்குங்கள். அதே வடிவத்துக்கு மறுபடி தேவை வந்தால் முதலில் நெய்தவரிடமே வாருங்கள்.

துறை அலுவலர்களுக்கு: கைவினைக் கண்காட்சிக்கு நிதி கொடுக்கும்போது செய்தவர் பெயர் இல்லாத பொருளுக்குப் பணம் இல்லை என்று ஒரே ஒரு வரியை விதிகளில் சேருங்கள். ஆதார் நகல் கேட்கிற விதியை எழுத முடிந்தவர்களால் இதையும் எழுத முடியும். அடுத்த முகாமில் ஒரு நாளைப் பயன்பாட்டாளர் பதிவு மனுவுக்கு ஒதுக்குங்கள். இன்னொரு நாளைத் தறிப் பலகைக்கு.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள். போன பதிலை நான்தான் உம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். இந்த முறை முழுதாகப் படித்துக் காட்ட நினைக்கிறேன்.

இந்த மடலில் உம்மாவின் பெயரை நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அது முதலில் வர வேண்டிய இடம் உங்கள் அட்டை. உங்கள் முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு தாள் தனியாக வருகிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள், ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி. மாப்பிள்ளை, பெண் பெயர்களை எழுதிக் கொடுப்போமே, அதே மாதிரி எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை வராது. பார்த்து அப்படியே போட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
பாய் நெய்கிறவரின் மகள்,
பத்தமடை